கெண்டைக்காலில் அடிக்கும் காற்று

ஜனவரி 11

அன்புள்ள மச்சானுக்கு,

வணக்கம். இங்கே வீட்டில் எல்லோரும் சௌகரியம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அக்காவின் இருமல் நின்றதா?

உறுதியான செய்தி முதல் வரியில் இல்லாவிட்டால் பத்திரிகைக்காரரான நீங்கள் சிவப்புப் பேனாவை எடுத்துவிடுவீர்கள் என்பதால் நேராக வருகிறேன். மே மாதம் முதல் எங்கள் ஹோட்டல் மாடி ஹாலில் யாரும் மேடையில் ஆம்ப், அதாவது வாத்தியச் சத்தத்தைப் பெருக்கும் பெட்டி, வைக்கக்கூடாது. சொன்னவர் மேலாளர். வதந்தி இல்லை. நேற்று மாலை வாத்தியங்களை இறக்கும்போது அவரே வந்து சொன்னார். உடை மாற்றும் அறைக் கதவிலும் காகிதம் ஒட்டியாகிவிட்டது. மேல் தளத்து அறைகளில் தங்குபவர்கள் தூங்க முடியவில்லை என்று புகார் கொடுக்கிறார்களாம். இனி எல்லா வாத்தியமும் ஒயர் வழியாக நேரே, எல்லாச் சத்தத்தையும் கலந்து ஹாலுக்கு அனுப்பும் மிக்ஸருக்குப் போகும். வாசிக்கும் எங்களுக்குக் காதில் இயர்போன். பார்ப்பவர்களுக்கு நாங்கள் டெலிபோன் ஆபரேட்டர்கள் மாதிரி இருப்போம்.

என் கிட்டாருக்குத்தான் சிக்கல். அதை அப்படியே மிக்ஸரில் செருகினால் ரப்பர் பேண்டை இழுத்து விட்ட மாதிரி ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். அதற்கு உடம்பு கொடுப்பது ஆம்ப். ஆம்ப் இல்லாத இடத்தில் ஆம்ப் போலவே ஒலிக்க ஒரு டிஜிட்டல் டப்பா வந்திருக்கிறது. மாடலர் என்கிறார்கள். செங்கல் அளவு. உள்ளே நூறு ஆம்ப்களின் குரலில் பேசும் மிமிக்ரிக்காரர் ஒருவர் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் டிரம்மர்தான் குழுவை நடத்துகிறவர், எல்லோரும் கேப்டன் என்போம். அவர், "வாங்கிடு பாஸ். ஏப்ரல் கடைசிக்குள்ள ஒரு முடிவச் சொல்லு, இல்லன்னா நான் வேற ஆளப் பாக்கணும்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் சொன்னார்.

விலை ஒரு தடை இல்லை, பாதியைக் குழு ஏற்கும். என் பழைய வால்வு ஆம்பை உங்களுக்குத் தெரியும். போன தடவை நீங்கள் மாடிப்படியில் ஒரு கை கொடுத்தீர்கள், அன்றைக்குப் போன முழங்கால்தான் என்று அக்கா இன்னும் சொல்கிறாள். நாங்கள் அதைப் பெரியவர் என்று கூப்பிடுவோம். பெரியவர் முன்னால் நின்று ஒரு தந்தியைத் தட்டினால் கெண்டைக்காலில் காற்று அடிக்கும். பேண்ட் துணி அசையும். செங்கல் எந்தக் காலில் காற்று அடிக்கும்?

உங்களுக்குச் சங்கீதம் சுத்தமாகத் தெரியாது. அதனால்தான் கேட்கிறேன். தெரிந்தவர்கள் எல்லோரும் ஏதாவது ஒரு கட்சியில் இருக்கிறார்கள். வாங்கலாமா, வேண்டாமா? விசாரித்து எழுதுங்கள். போன் வேண்டாம். எங்கள் பக்கம் லைன் சரியில்லை, பாதிப் பேச்சு காதில் விழுவதில்லை. நிதானமாகக் கடிதமே போடுங்கள்.

அக்காவுக்கு என் அன்பு.

உங்கள் மாப்பிள்ளை


ஜனவரி 20

அன்புள்ள மாப்பிள்ளை,

கடிதம் கிடைத்தது. முழங்கால் மழை வந்தால் மட்டும் பேசுகிறது. உன் அக்காவின் இருமல் நின்றுவிட்டது. பேச்சு நிற்கவில்லை.

சங்கீதம் தெரியாதவனிடம் யோசனை கேட்ட முதல் கிட்டார்காரன் நீதான். தேர்தல், தீ விபத்து, தண்ணீர்க் குழாய் எல்லாவற்றையும் தெரியாமல்தான் போய் விசாரித்து எழுதியிருக்கிறேன், இதையும் அப்படியே செய்தேன். சனிக்கிழமை இங்கே உள்ள வாத்தியக் கடைக்குப் போனேன். "சார் என்ன வாசிப்பீங்க?" என்றார் கடைக்காரர். "பேப்பர்" என்றேன். அவர் சிரிக்கவில்லை.

கிடைத்த தகவல்கள். கடைக்காரர் சொல்வது: டப்பாவுக்கும் உண்மையான ஆம்புக்கும் துளி வித்தியாசம் கிடையாது. விற்கிறவர் வாக்குமூலம், அதற்குரிய மதிப்பைக் கொடு. அங்கே தந்தி வாங்க வந்திருந்த ஒரு கல்யாணக் கச்சேரிக்காரர் சொல்வது: "வாங்கினதுக்கப்புறம் முதுகு வலி போச்சு. வேற ஒண்ணும் சொல்லத் தெரியல." மூன்றாவது, எங்கள் பத்திரிகைக்கு விளம்பரம் பதிவு செய்து தரும் ஸ்டுடியோக்காரர். அவருக்கு இதில் லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை. "கண்ண மூடிட்டுக் கேட்டா எனக்கே தெரியாது. ஆனா வாசிக்கிறவனுக்குத் தெரியும்" என்றார். என்ன தெரியும் என்றேன். "அது அவனுக்குத்தான் சார் தெரியும்."

ஆகவே நீதான் சொல்ல வேண்டும். ஒரு வழி இருக்கிறது. டப்பாவைக் கொஞ்ச நாள் இரவல் வாங்கு. ஒரே பாட்டைப் பெரியவரில் ஒரு தடவை, டப்பாவில் ஒரு தடவை வாசித்துப் பதிவு செய். எது எது என்று எழுதாமல் ஒன்று, இரண்டு என்று மட்டும் போட்டு அனுப்பு. ஆபீசில் நாலு பேருக்குப் போட்டுக் காட்டுகிறேன். கேட்கிறவர்களுக்கு வித்தியாசமே இல்லை என்றால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

உன் மனைவியை விசாரித்ததாகச் சொல். கீழே உள்ள கையெழுத்து என்னுடையது அல்ல.

மச்சான்

டேய், லைன் சரியில்ல லைன் சரியில்லன்னு எத்தன மாசம்டா சொல்லுவ? அதே வீட்ல உன் பொண்டாட்டிகிட்ட பேசினா கண்ணாடி மாதிரி கேக்குது. போன எடு. - அக்கா


பிப்ரவரி 4

அன்புள்ள மச்சானுக்கு,

இருவரும் நலம் என்று படித்ததில் நிம்மதி. இங்கே ஒரே தொல்லை காலிங் பெல்தான். பழுதாகிவிட்டது. எலெக்ட்ரீஷியனை வரவழைத்தால் "நல்லாத்தான் சார் அடிக்குது" என்று சாதிக்கிறார். பழுது பார்க்கத் தெரியாதவர்கள் எல்லாம் இப்படித்தான். கூரியர்காரர் வந்து வந்து திரும்பிப் போகிறார்.

நீங்கள் சொன்னபடி டப்பாவை ஒரு வாரம் இரவல் வாங்கினேன். கடையிலேயே எனக்குப் பிடித்த மாதிரி திருகி வைத்து வாசித்துக் காட்டினேன். கடைக்காரர் திரையை எட்டிப் பார்த்தார். "என்ன சார், ட்ரெபிளக் கடைசி வரைக்கும் ஏத்தி வச்சிருக்கீங்க? காது கிழியுதே. இப்படி யாருமே வைக்க மாட்டாங்க" என்றார். ட்ரெபிள் என்பது சத்தத்தின் உச்சாணிக் கிளை. விசில், டிரம்மரின் சிம்பல் தட்டு, குருவிக் குரல் எல்லாம் உட்காரும் இடம். விற்கிறவருக்கு ரசனை இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனால் ஒன்று கவனித்தேன். பெரியவர் முகத்தில் இருந்த எண்கள் எல்லாம் தேய்ந்து போய்விட்டன. எதை எங்கே வைத்திருக்கிறேன் என்று எனக்கும் தெரியாது, எவனுக்கும் தெரியாது. டப்பாவில் அப்படி இல்லை. எல்லாம் திரையில் எண்ணாக வந்து நிற்கிறது. போகிறவன் வருகிறவன் எல்லாம் படிக்கலாம்.

பென்டிரைவை உள்ளே வைத்திருக்கிறேன். டப்பாவைக் கம்ப்யூட்டரில் செருகி வீட்டிலேயே பதிவு செய்தேன், பெரியவருக்கு முன்னால் மைக் வைத்தேன். ஒன்று, இரண்டு என்று மட்டும் போட்டிருக்கிறேன். என் அபிப்பிராயம், இரண்டாவது துடைத்து வைத்த மாதிரி சுத்தமாக இருக்கிறது. ஆனால் அதை வாசிக்கும்போது காலில் ஒன்றும் இல்லை. சுவரைப் பார்த்துப் பேசுகிற மாதிரி இருக்கிறது.

அக்காவிடம் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டபோது நான் குளித்துக்கொண்டிருந்தேன்.

அன்புடன்,
மாப்பிள்ளை


பிப்ரவரி 16

அன்புள்ள மாப்பிள்ளை,

நலம். உன் அக்கா உன்னிடம் சொல்லச் சொன்னது: ஞாயிற்றுக்கிழமை நாலு தடவை கூப்பிட்டாளாம். அவ்வளவு நேரம் குளிப்பவனுக்கு ஜலதோஷம் பிடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

சோதனை முடிவுகள். மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஆபீஸ் நூலகக் கம்ப்யூட்டரில் போட்டோம். கேட்டவர்கள்: மெய்ப்புத் திருத்துபவர், புகைப்படக்காரர், வரவேற்பில் இருக்கும் பெண், அச்சுக்கூடத்து மூத்த இயந்திரக்காரர், இவர்களோடு நான் (காலில் ஒன்றும் இல்லை என்று எழுதி எது எது என்பதை நீயே உளறிவிட்டதால் எனக்கு ஓட்டு இல்லை). எது ஆம்ப், எது டப்பா என்பதில் ஒருவருக்கொருவர் ஒத்துப்போகவில்லை. மெய்ப்புத் திருத்துபவர் மட்டும் இரண்டு பதிவிலும் நடுவில் ஒரே இடத்தில் தப்பு வந்தது என்றார். அது அவர் தொழில் வியாதி.

ஆனால் இரண்டாவது பதிவில் பாட்டு தொடங்குவதற்கு முன்பிருந்தே மெல்லிய கீச்சுச் சத்தம் ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது. கம்பியால் கண்ணாடியைக் கீறுகிற மாதிரி. கடைசி வரை நிற்கவில்லை. வரவேற்புப் பெண் அரை நிமிடத்தில் காதைப் பொத்திக்கொண்டாள். வீட்டில் போட்டபோது உன் அக்கா, "ரூமுக்குள்ள கொசு வந்துருச்சா?" என்று கையை வீசினாள். எனக்கும் கேட்டது. கேட்கவில்லை என்று சொன்னவர் அச்சு இயந்திரக்காரர் ஒருவர்தான். "என்ன கீச்சு? ஒண்ணும் இல்லையே" என்று எங்களைப் பைத்தியக்காரர்கள் மாதிரி பார்த்தார். இயந்திரத்தோடு வாழ்க்கை முழுவதும் இருந்தவர்.

என் கேள்விகள். டப்பாவே அப்படிக் கத்துமா, அல்லது பதிவில் வந்த கோளாறா? ஹோட்டல் மிக்ஸரில் செருகினாலும் வருமா? இரவல் கொடுத்த கடைக்காரர் இதைப் பற்றி என்ன சொல்கிறார்? மூன்றாவதாகப் பதிவு செய்து பார்த்தாயா? கேப்டன் கேட்டாரா? எல்லாவற்றையும்விட, நீ அதை ஏன் சுத்தமாக இருக்கிறது என்று எழுதினாய்?

உடம்பைப் பார்த்துக்கொள்.

மச்சான்


மார்ச் 5

அன்புள்ள மச்சானுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். வேலை அதிகம். வீட்டில் நலம்.

பதிவில் வந்த கோளாறுதான். கடைக்காரரிடம் கேட்டேன், கம்ப்யூட்டர் ஒயர் வழியாக வருகிற மின்சார இரைச்சலாம், வேறு ஒயர் போட்டால் போய்விடுமாம். மிக்ஸரில் வராது. மூன்றாவது பதிவு செய்ய நேரம் கிடைக்கவில்லை. கேப்டன் கேட்கவில்லை.

உண்மையைச் சொன்னால் எனக்கு இந்த மாடலர் விவகாரமே அலுத்துவிட்டது. இருபது வருஷமாகப் பெரியவரோடு நிற்கிறேன். காலில் காற்று அடித்தால் எனக்கு எங்கே இருக்கிறேன் என்று தெரியும். அதை எடுத்துவிட்டுக் காதில் பஞ்சு மாதிரி எதையோ திணித்துக்கொண்டு நில் என்றால் யார் நிற்பது? ஹோட்டலை விட்டுவிட்டு வீட்டில் நாலு பிள்ளைகளுக்குக் கிட்டார் சொல்லிக் கொடுக்கலாம் என்று தோன்றுகிறது. ஒரு பிள்ளை, ஒரு அறை, சத்தம் இல்லை. என் மனைவி, "நீங்க சொல்லிக் குடுக்கவா? உங்களுக்குப் பொறுமை இருக்கா?" என்கிறாள். அவளுக்கு நான் எதைச் சொன்னாலும் நக்கல்.

டப்பாவைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். இந்தப் பேச்சை இத்தோடு விடுவோம். உங்கள் முழங்காலுக்கு அந்தத் தைலம் அனுப்பவா?

மாப்பிள்ளை


மார்ச் 10

அன்புள்ள மாப்பிள்ளை,

தைலம் வேண்டாம். நலமாக இருக்கிறேன். உன்னைப் பற்றித்தான் கவலை.

நான் கேட்ட கேள்விகளில் கடைசி ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் பதில் வந்திருக்கிறது. மந்திரிகளிடம் கேள்வி கேட்டே நரைத்தவன் நான். எந்தக் கேள்வியைத் தாண்டிப் போகிறார்கள் என்றுதான் முதலில் பார்ப்பேன். உன்னிடம் அப்படிப் பார்க்க வேண்டி வரும் என்று நினைக்கவில்லை.

உன் கடிதங்களை மேஜையில் பரப்பி மறுபடி படித்தேன். கிட்டார் வாங்கப்போகிறவனோ ஆம்ப் வாங்கப்போகிறவனோ சத்தத்தைப் பற்றி எழுதுவான். நீ காலைப் பற்றியே எழுதியிருக்கிறாய். சத்தத்தைப் பற்றி எழுதியது ஒரே ஒரு வரி, அது எங்கள் எல்லோருக்கும் கேட்டதற்கு நேர் எதிர். கடைக்காரருக்குக் காது கிழிகிற அளவு திருகினாய். போன் எடுப்பதில்லை. எலெக்ட்ரீஷியன் பெல் அடிக்கிறது என்கிறார், நீ அடிக்கவில்லை என்கிறாய்.

ஒரு தகவலை இரண்டாவது ஆளிடம் சரிபார்ப்பது என் தொழில். கேப்டனின் நம்பர் உன் அக்காவின் டைரியில் இருக்கிறது. உன் மனைவியைக் கூப்பிட்டால் ஒரு நிமிட வேலை. இரண்டு பேரையும் கேட்கவில்லை, கேட்கப்போவதும் இல்லை. உன்னைத்தான் கேட்கிறேன்.

அந்தக் கீச்சுச் சத்தம் உனக்குக் கேட்கிறதா?

ஆம், இல்லை, அது போதும். வீட்டுக்கு வருகிற கடிதத்தை எல்லாம் உன் அக்கா பிரித்துவிடுகிறாள். ஆபீஸ் விலாசத்துக்கு எழுது.

எது பதிலாக இருந்தாலும் உன் பக்கம்தான் இருப்பேன்.

மச்சான்


மார்ச் 26

டேய் தம்பி,

நல்லா இருக்கியா? நாங்க இருக்கோம், அவ்வளவுதான். ரெண்டு வாரமா உன்கிட்டேருந்து ஒரு வரி இல்ல. உங்க மச்சான் தினமும் ஆபீஸ்லேருந்து வந்ததும் மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு உக்காந்துடறார். என்னன்னு கேட்டா "பேப்பர்ல வேலை"ங்கிறார். இவர் பேப்பர்ல வேலை இல்லாத நாளே எனக்குத் தெரியாதா?

ரெண்டு பேரும் சேர்ந்து எதையோ மறைக்கிறீங்க. கடனா? உனக்கும் உன் பொண்டாட்டிக்கும் சண்டையா? உடம்புக்கு ஏதாவதா? எதுவா இருந்தாலும் நான் உன் கூடப் பொறந்தவ, உங்க மச்சான் இடையில வந்தவர். யார்கிட்ட முதல்ல சொல்லணும்னு நீயே யோசி.

உன் பொண்டாட்டிகிட்ட கேட்டேன். "அவர் இப்பல்லாம் என்ன சொன்னாலும் ஆங் ஆங்னு தலையாட்டறார் அண்ணி, சண்டை கூட போட மாட்டேங்கிறார்" அப்படின்னா. நீ சண்டை போடலன்னு கேட்டதுமே பெட்டிய இறக்கித் தூசி தட்டி வச்சுட்டேன்.

பதில் போடு. இல்லன்னா வண்டி ஏறி வந்துடுவேன்.

அக்கா


மார்ச் 31
(ஆபீஸ் விலாசத்துக்கு)

அன்புள்ள மச்சானுக்கு,

இல்லை.

ஒரு வார்த்தை போதும் என்றீர்கள். அதை எழுதிவிட்டு நாலு நாள் காகிதத்தை மடித்து வைத்திருந்தேன். அக்காவின் கடிதம் வந்த பிறகு மறுபடி பிரித்தேன்.

அந்தச் சத்தம் எனக்குக் கேட்கவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டு இரண்டாவது பதிவைத் திரும்பத் திரும்பப் போட்டேன். துடைத்து வைத்த மாதிரிதான் இருந்தது. மனைவியைக் கூப்பிட்டு மாட்டிவிட்டேன். உடனே கழற்றி எறிந்தாள். "என்னங்க இது, ஊசி குத்தற மாதிரி" என்றாள். ஒயர் கோளாறு என்று சொல்லிவிட்டேன். அவள் நம்பினாள்.

எப்போதிலிருந்து என்று தெரியவில்லை. முதலில் போனில் பேசுகிறவர்களின் வார்த்தைகளுக்கு ஓரம் இல்லாமல் போனது. அப்புறம் பெல். மேடையில் மட்டும் சமாளித்தேன். பெரியவர் காலில் அடிக்கிற காற்றில் என் தாளம் தெரியும். கேப்டனின் கையைப் பார்ப்பேன், கீபோர்டுக்காரனின் விரலைப் பார்ப்பேன். யாருக்கும் தெரியாது. வாங்கலாமா வேண்டாமா என்று உங்களிடம் கேட்டது நிஜக் கேள்வி இல்லை. வேண்டாம் என்று சொல்ல ஒரு நியாயமான காரணத்தை நீங்கள் கண்டுபிடித்துக் கொடுப்பீர்கள் என்று நம்பினேன்.

மார்ச் நடுவில் மேலாளர் ஒரு ஒத்திகை வைத்தார், மேடையில் ஆம்ப் இல்லாமல். கடைக்காரர் டப்பாவை மறுபடி கொண்டுவந்து கொடுத்தார். காதில் இயர்போனை வைத்ததும் தண்ணீருக்குள் முங்கிய மாதிரி இருந்தது. ஒரு பாட்டில் கீபோர்டு மணி அடிக்கிற மாதிரி நாலு ஸ்வரம் வாசித்து முடித்ததும் நான் தொடங்க வேண்டும். கீபோர்டை அன்று எனக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். நான் காத்திருந்தேன். பாட்டு என்னைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. கேப்டன் நிறுத்திவிட்டுக் குச்சியால் என்னைக் காட்டினார். "என்ன பாஸ், டிக்கெட் வாங்கிட்டு வந்து பாத்துட்டிருக்கியா?" எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இயர்போன் ரிப்பேர் என்றேன். மிக்ஸர்காரர் வந்து அதை வாங்கித் தன் காதில் வைத்துப் பார்த்தார். துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். "நல்லாத்தான் சார் இருக்கு."

எலெக்ட்ரீஷியன் சொன்ன அதே வார்த்தை, மச்சான்.

காது கேட்காத கிட்டார்காரன் என்று ஒரு தடவை பெயர் வந்தால் போதும், ஒரு மேடையிலும் ஏற்ற மாட்டார்கள். எனக்கு வேறு ஒன்றும் தெரியாது. அதனால் டாக்டரிடமும் போகவில்லை. போனால் அது உண்மையாகிவிடும்.

அக்காவிடம் என்ன சொல்வீர்களோ தெரியாது. கடன் என்று வேண்டுமானால் சொல்லுங்கள். அதற்கு அழ மாட்டாள், திட்டுவாள்.

மாப்பிள்ளை


ஏப்ரல் 5

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதத்தை ஆபீஸ் மாடிப்படியில் நின்று படித்தேன். செய்தி ஆசிரியர் இரண்டு தடவை கூப்பிட்டார். போகவில்லை.

ஆறுதல் எழுத எனக்கு வராது. விசாரித்ததை எழுதுகிறேன்.

இங்குள்ள கடைக்குத் திரும்பப் போனேன். எனக்குத் தெரிந்த ஒரு கிட்டார்காரருக்கு மேல் பக்கச் சத்தம் (நீ எழுதிய உச்சாணிக் கிளை) குறைவாகக் கேட்கிறது, அவருக்கு இந்த டப்பா உதவுமா, தொந்தரவா என்று கேட்டேன். இந்தத் தடவை அவர் விற்கிற முகத்தை வைத்துக்கொள்ளவில்லை. "ரெண்டு வழி வச்சுக்கலாம் சார். ஹாலுக்குப் போறது ஒண்ணு, அவர் காதுக்குப் போறது வேற ஒண்ணு. ஹாலுக்குப் போறத மிக்ஸர்காரர் சரி பண்ணிக்கட்டும். காதுக்குப் போறதுல அவருக்கு எது குறையுதோ அத ஏத்தி, எது வேண்டாமோ அதக் குறைச்சுக்கலாம். பழைய ஆம்புல அது முடியாது. அது எல்லாருக்கும் ஒரே குரல்ல கத்தும்" என்றார். கீபோர்டையும் காதுக்குள் தனியாகக் கொண்டுவர மிக்ஸரில் வழி உண்டாம். காற்றுக்கு என்ன செய்வது என்றும் கேட்டேன். நிற்கிற பலகைக்கு அடியில் வைக்கிற ஒரு அதிரும் தட்டு இருக்கிறதாம், டிரம்மர்கள் உட்காரும் ஸ்டூலில் வைத்துக்கொள்வார்களாம். உன் கால் கேட்டதை ஒரு வியாபாரி சிரிக்காமல் காதில் வாங்கிக்கொண்டார்.

இது ஒரு ஆள் சொன்னது. உண்மையா என்று நீ வாசித்துப் பார்த்தால்தான் தெரியும். அதற்கும் முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. குறைந்துபோன காதில் சத்தத்தை ஏற்றி வைத்தால் இருப்பதும் போய்விடுமா? இதற்குக் கடைக்காரரும் நானும் பதில் சொல்ல முடியாது. காது டாக்டர் ஒருவர்தான் சொல்ல முடியும். போ. போனால் உண்மையாகிவிடும் என்கிறாய். போகாமலே அது ஹோட்டல் மேடையில் ஏறிவிட்டது.

உன் அக்கா விஷயம். அவள் கேட்காத வரை சொல்ல மாட்டேன். கேட்டால் பொய் சொல்ல மாட்டேன். ஆபீசுக்கு உன் கடிதம் வந்தது அவளுக்குத் தெரியும், சட்டைப் பையில் உறையைப் பார்த்துவிட்டாள். "ஆபீசுக்குப் போடற அளவுக்கு என்னங்க ரகசியம்?" என்றாள். அது கேள்வியா, திட்டா என்று யோசிப்பதாகச் சொல்லி இரண்டு நாள் வாங்கியிருக்கிறேன். அதற்கு மேல் தாங்காது.

சாப்பிடு. தூங்கு.

மச்சான்


ஏப்ரல் 17

அன்புள்ள மச்சானுக்கும் அக்காவுக்கும்,

இந்தக் கடிதம் வீட்டு விலாசத்துக்கே வருகிறது. அக்கா பிரிக்கட்டும். நீங்கள் சொல்லிவிட்டதாக அவள் என் மனைவிக்குப் போன் செய்து அழுததை என் மனைவி எழுதிக் காட்டினாள். அக்கா, நான் நன்றாகச் சாப்பிடுகிறேன்.

உறுதியானது முதலில். காது டாக்டர் தன் வாயால் சொன்னது: இரண்டு காதிலும் மேல் பக்கச் சத்தம் போய்விட்டது, இடது காதில் அதிகம். போனது திரும்பி வராது. இருப்பதைக் காப்பாற்றலாம்.

சோதனை ஒரு சின்ன மூடிய அறையில். ஹெட்போனில் சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் உட்கார்ந்து கருவியை இயக்குகிறாள். நான் டாண் டாண் என்று அழுத்திக்கொண்டே வந்தேன். பரவாயில்லையே என்று எனக்கே சந்தோஷம். அவள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்து, "சார், என் கையப் பாத்து அமுக்காதீங்க" என்றாள். நான் பார்த்தது எனக்கே தெரியவில்லை, மச்சான். மேடைப் பழக்கம். அவள் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு வெகுநேரம் பொத்தானை அழுத்த வேலையே இல்லை.

வெளியே வந்து டாக்டர் சொன்னதை மனைவியிடம் சொன்னேன்.  அவள் என் முகத்துக்கு நேராக வந்து நின்று, "பாவம் அந்த எலெக்ட்ரீஷியன். மூணு தடவ வர வச்சுத் திட்டினீங்களே" என்றாள். இப்போதெல்லாம் எதிரே வந்து நின்றுதான் பேசுகிறாள். சண்டை மறுபடி ஆரம்பமாகிவிட்டது. அக்காவுக்கு நிம்மதியாக இருக்கும்.

கேப்டனிடம் சொல்வதைத்தான் கடைசி வரை தள்ளிப் போட்டேன். ஹால் காலியாக இருந்தபோது போனேன். அவர் சிம்பலைத் துடைத்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன், ஒத்திகையில் பொய் சொன்னதையும். வேறு ஆளைப் பார்ப்பதானால் பாருங்கள் என்றேன். அவர், "எந்தக் காது அதிகம்?" என்றார். இடது என்றேன். துணியைக் கீழே வைத்துவிட்டார். மேடையில் நான் நிற்கிற இடத்தையும் தன் பெரிய சிம்பலையும் மாறி மாறிப் பார்த்தார். "அந்தப் பக்கம் நான்தானடா இருந்தேன்" என்றார். என்னை அவர் டா போட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அப்புறம், "அந்த டெஸ்ட் எடுக்கிற எடம் எங்க இருக்கு?" என்று கேட்டு எழுதி வாங்கிக்கொண்டார். அவருக்கும் அது தேவைப்படுமோ என்னவோ. வேறு ஆள் விஷயம் பேசவில்லை. டாக்டர் சொல்லட்டும், பிறகு பேசலாம் என்றார். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை, ராத்திரியெல்லாம் அதைத்தான் புரட்டிப் பார்க்கிறேன்.

டப்பாவை நேற்று கடையிலேயே வாசித்துப் பார்த்தேன். உங்கள் கடைக்காரர் சொன்னது சரி, இரண்டு வழி வைக்க முடிகிறது. ஹாலுக்குப் போகிற வழியில் கடைக்காரரையே ட்ரெபிளை வைக்கச் சொன்னேன். பாதிக்கும் கீழே வைத்தார். எனக்கு அது போர்வைக்குள் வாசிக்கிற மாதிரி இருந்தது. அங்கே நின்றிருந்தவர்கள் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார்கள். இத்தனை நாள் ஊரையே ஊசியால் குத்திக்கொண்டிருந்திருக்கிறேன், சாப்பிட வந்தவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். காதுக்கு வருகிற வழியில் கொஞ்சம் ஏற்றி வைத்தோம். மணி மாதிரி ஏதோ ஒன்று தூரத்தில் இருந்தது. கேட்டதா, கேட்டதாக நினைத்தேனா என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

தெரியாதவை இன்னும் இருக்கின்றன. காதில் இயர்போன் வைக்கலாமா, வைத்தால் எவ்வளவு சத்தம் வரை, எத்தனை நேரம் என்பதை இன்னொரு சோதனைக்குப் பிறகு வியாழக்கிழமை சொல்வதாக டாக்டர் சொல்லியிருக்கிறார். வேண்டாம் என்று சொன்னால் டப்பாவும் இல்லை, மேடையும் இல்லை. கடைக்காரர் எனக்காக ஒன்றைச் சனிக்கிழமை மாலை வரை எடுத்து வைத்திருக்கிறார். கேப்டனின் பதில் அதற்குப் பிறகுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அக்காவைக் கூப்பிடச் சொல்லுங்கள். மெதுவாகப் பேசட்டும், அழாமல் பேசட்டும், அழுதால் வார்த்தை பிரிவதில்லை. மணி அடிப்பது எனக்குக் கேட்காது. போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதிர்ந்தால் தெரிந்துவிடும்.

உங்கள் இருவர் உடம்பையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளை